பெல்லி–ராப்சன் அட்டையில் மாறுபாட்டு உணர்திறனை அளக்கும் முறை

பார்வை அட்டையின் கடைசி வரிவரை தடுமாறாமல் படித்துவிட்டு, “எல்லாம் தெரியுதுங்க, ஆனா புகை மூட்டமா இருக்கு” என்று சொல்லும் நோயாளியைக் கண் மருத்துவமனையில் பணிபுரியும் ஒவ்வொருவரும் சந்தித்திருப்போம். கோப்பில் 6/6, அதாவது இயல்பான பார்வை, என்று எழுதியாகிவிட்டதால், அவர் சொல்லும் குறையை வயதின் மீதோ மனக்கவலையின் மீதோ போட்டுவிட்டு அடுத்தவரை அழைப்பதும் நடக்கிறது. அவர் படித்தது வெள்ளை வெளேரென்ற பின்னணியில் கருகருவென அச்சிட்ட எழுத்துகளை. முறத்தில் பரப்பிய அரிசிக்குள் கிடக்கும் வெளிறிய கல், ஒரே நிறத் தளக்கல் பதித்த படிக்கட்டின் விளிம்பு, வண்ணம் பூசாத வேகத்தடை, அந்தி நேரத்தில் எதிரே வருபவரின் முகம் ஆகியவை அப்படி இருப்பதில்லை. பின்னணியிலிருந்து சிறிதளவே வேறுபடும் பொருளைக் கண் பிரித்தறியும் திறனே மாறுபாட்டு உணர்திறன். பரிசோதனை அறையில் நாம் ‘கான்ட்ராஸ்ட்’ என்று சொல்லிப் பழகிய அந்தத் திறனை, நம்பத்தக்க எண்ணாக எழுதும் முறையை இங்கே விளக்குகிறேன். இளநிலை ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் பார்வைப் பரிசோதனையில் உதவும் பணியாளர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

இதற்கான கருவிகள் பல இருந்தாலும், டெனிஸ் பெல்லி, ஜான் ராப்சன், ஆர்னால்டு வில்கின்ஸ் ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட எழுத்து அட்டையே இன்று மருத்துவமனைகளிலும் ஆய்வுகளிலும் மிகுதியாகப் புழங்குகிறது. வழக்கமான பார்வை அட்டையில் எழுத்தின் அளவு வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும், கருமை மாறாது. பெல்லி–ராப்சன் அட்டையில் எழுத்தின் அளவு மாறுவதில்லை. அதன் கருமை மட்டும் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகிறது. எட்டு வரிகள், வரிக்கு ஆறு எழுத்துகள் என மொத்தம் 48 எழுத்துகள் அதில் உள்ளன. ஒவ்வொரு வரியும் மும்மூன்று எழுத்துகள் கொண்ட இரண்டு தொகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒரு தொகுதியின் மூன்று எழுத்துகளும் ஒரே மாறுபாடு கொண்டவை. அடுத்த தொகுதிக்குச் செல்லும்போது மாறுபாடு 0.15 மடக்கை (log) அலகு, அதாவது ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு, குறைகிறது. முதல் தொகுதி முழுக் கருமையில் தொடங்க, பதினாறாம் தொகுதியின் மாறுபாடு 0.56 சதவீதத்தில் முடிகிறது.

மதிப்பெண் எப்படி உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை எழுதும்போது பிழை வராது. பின்னணியின் ஒளிர்வுக்கும் எழுத்தின் ஒளிர்வுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின்னணியின் ஒளிர்வால் வகுத்தால் கிடைப்பது மாறுபாடு. அதன் தலைகீழ் எண்ணின் மடக்கையே நாம் கோப்பில் எழுதும் மதிப்பு. 100 சதவீதம் என்றால் 0.00, 10 சதவீதம் என்றால் 1.00, 1 சதவீதம் என்றால் 2.00. எண் கூடக் கூட அந்தக் கண் மேலும் வெளிறிய எழுத்தைக் காண்கிறது என்று பொருள். பார்வைக்கூர்மையை மடக்கை அளவில் எழுதும் லாக்மார் முறையில் எண் கூடினால் பார்வை குறைவு, இங்கே நேர்மாறு. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதும் கோப்புகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்வதால், எண்ணுக்கு முன்னால் சோதனையின் பெயரையும் எழுதிவிடுவது நல்லது.

வெளிச்சமும் அட்டையும்

இந்தச் சோதனையில் கிடைக்கும் தவறான எண்களில் பெரும்பாலானவை நோயாளியின் கண்ணால் வருவதில்லை. அறையின் வெளிச்சத்தாலும் பரிசோதகரின் அவசரத்தாலும் வருகின்றன என்பது என் கருத்து. அட்டையின் வெண்பகுதியில் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 85 கேண்டெலா இருக்க வேண்டும். 60 முதல் 120 வரை ஏற்கலாம். ஒளிர்வை நேரடியாக அளக்கும் கருவி எல்லா இடத்திலும் கிடைக்காது. அந்நிலையில் ஒரு பரப்பின் மீது விழும் ஒளியை அளக்கும் லக்ஸ் மீட்டரை அட்டையின் பரப்பை ஒட்டி, வெளியே பார்த்தபடி வைத்து அளக்கலாம். பளபளப்பில்லாத வெள்ளைப் பரப்பு தன்மீது விழும் ஒளியில் 85 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், 85 கேண்டெலாவுக்கு ஏறத்தாழ 315 லக்ஸ் தேவைப்படுகிறது. நான்கு மூலைகளிலும் நடுவிலும் தனித்தனியாக அளந்து, எண்கள் ஒன்றோடொன்று நெருங்கியிருப்பதை உறுதி செய்ய வேண்டும். மேலே ஒரே ஒரு குழல்விளக்கு இருக்கும் அறைகளில் அட்டையின் மேல் வரிகள் பளிச்சென்றும் கீழ் வரிகள் இருண்டும் இருக்கும். வெளிறிய எழுத்துகள் கீழேதான் உள்ளன என்பதால் இந்தக் குறை நேரே மதிப்பெண்ணில் போய் விழும். கைபேசிச் செயலியின் லக்ஸ் எண்ணை அப்படியே நம்பலாகாது. ஆனால் ஒரே கைபேசியால் ஐந்து இடங்களை அளந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வெளிச்சம் சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அது போதும்.

பணியில் சேர்ந்த புதிதில், கிளாக்கோமா (கண் அழுத்த நோய்) உள்ள ஒருவருக்கு மூன்று மாத இடைவெளியில் இரு கண்களிலும் மதிப்பெண் ஒரே அளவில் சரிந்துவிட்டதாக எழுதி மருத்துவரிடம் அனுப்பினேன். அதே நாளில் வந்த மற்ற நோயாளிகளின் எண்களும் சரிந்திருந்ததைப் பிற்பகலில்தான் கவனித்தேன். அட்டைக்கு மேலிருந்த இரண்டு விளக்குகளில் ஒன்று எரியவில்லை. அன்றிலிருந்து, காலையில் முதல் நோயாளிக்கு முன்பு என் கண்ணைச் சோதித்து எண்ணைச் சுவரிலுள்ள தாளில் குறித்துவிடுகிறேன். என் எண் மாறினால் சந்தேகம் முதலில் விளக்கின் மீது.

அட்டைக்குப் பக்கத்தில் சன்னல் இருந்தால் திரையிட வேண்டும். அட்டையின் பரப்பில் எந்த விளக்கின் பிம்பமும் பளபளப்பாகத் தெரியக் கூடாது. எழுத்தின் மீது விரல் படவே கூடாது. ஒரு சதவீதக் கருமை கொண்ட எழுத்துக்குப் பக்கத்தில் வியர்வைக் கறை பதிந்தால், கறையே எழுத்தைவிடத் தெளிவாகத் தெரியும். பயன்படுத்தாத நேரத்தில் அட்டையை உறையிட்டு வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும். வெளிறிப்போன அட்டைக்குப் பழுதுபார்ப்பு கிடையாது, மாற்றத்தான் வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் கோப்பை அலுவலக அச்சுப்பொறியில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுவதைச் சிலர் சிக்கனம் என்று கருதுகின்றனர். லேசர் அச்சுப்பொறி சாம்பல் நிறத்தை நுண்ணிய கரும்புள்ளிகளாகத் தூவித்தான் காட்டுகிறது. அந்த எழுத்துக்கு நாம் எண்ணும் மாறுபாடு இருப்பதில்லை. கணினித் திரைக்கும் எல்லை உண்டு. சாதாரணத் திரை கருமையிலிருந்து வெண்மைவரை 256 படிகளைத்தான் காட்டுகிறது. வெண்மைக்கு அருகே ஒரு படி இறங்கினாலே ஒளிர்வு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்துவிடும். அதற்கும் மெல்லிய எழுத்தைக் காட்டத் தனி நுட்பம் கொண்ட மென்பொருளும், ஒளிர்வை அளந்து சரிசெய்த திரையும் வேண்டும்.

நோயாளியை அமர்த்துதல்

இந்தச் சோதனையை மற்றவற்றுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து, கண் அழுத்தம் பார்ப்பதற்கான மரத்துப்போகும் மருந்து, சாயம், கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியின் வெளிச்சம் ஆகிய எதைக் கண் சந்தித்திருந்தாலும் எண் இறங்கக்கூடும். சொட்டு போட்ட பிறகே சோதிக்க வேண்டிய நிலை வந்தால், அதைக் கோப்பில் எழுதிவிட்டு வேறொரு நாள் திரும்பச் செய்வதே முறை.

தூரம் ஒரு மீட்டர். சுவரிலிருந்து நாற்காலியின் கால்வரை அளப்பது பயனற்றது. நோயாளியின் கண்ணிலிருந்து அட்டைவரை அளக்க வேண்டும். மூன்று நான்கு வரிகளுக்குப் பிறகு எல்லாருமே முன்னால் சாய்வார்கள் என்பதால், முதுகை நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொள்ளும்படி தொடக்கத்திலேயே சொல்லி, நடுவில் இரண்டொரு முறை கவனிக்கவும் வேண்டும். அட்டையின் நடுப்பகுதி கண் மட்டத்தில் இருக்கட்டும்.

தூரப்பார்வைக்கான முழுத் திருத்தத்தையும் போட்ட பிறகே தொடங்க வேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கும் உள்விழி லென்ஸ் பொருத்தியவர்களுக்கும், ஒரு மீட்டர் தூரத்திற்காக +0.75 பவர் கூட்டிக்கொள்ள வேண்டும். அவர்கள் அணிந்துவந்த கண்ணாடி இருபகுதி அல்லது படிநிலை லென்ஸாக இருந்தால், எந்தப் பகுதி வழியாகப் பார்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. சோதனைச் சட்டத்தில் தனி லென்ஸ் போடுவதே பாதுகாப்பு. அட்டையின் எழுத்து 4.9 செ.மீ. உயரம் கொண்டது. ஒரு மீட்டரில் அது 2.8 பாகைக் கோணத்தை அடைப்பதால், 6/60 எழுத்தைவிட மூன்று மடங்குக்கும் மேல் பெரிதாகத் தெரியும். ஆகவே சிறிய பவர் குறை இந்த எண்ணை அதிகம் பாதிக்காது. இந்த ஆறுதலைச் சாக்காக வைத்து அழுக்குக் கண்ணாடியோடு சோதிப்பவர்களும் உண்டு. கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப்பிசுக்கு ஒளியைச் சிதறடித்து, கண்புரை செய்யும் வேலையையே செய்யும். லென்ஸைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு கண்ணையும் தனியாகவும், பிறகு இரண்டையும் சேர்த்தும் சோதிக்க வேண்டும். எழுத்து வரிசை வேறுபட்ட இரண்டு அட்டைகள் உள்ளதால், ஒரு கண்ணுக்கு ஒன்றையும் மறு கண்ணுக்கு மற்றொன்றையும் வைத்தால், மனப்பாடம் செய்து சொல்லும் வாய்ப்புக் குறையும். குறைவாகத் தெரியும் கண்ணை முதலில் சோதிப்பது என் பழக்கம். மூடும் கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொள்ள விடக் கூடாது. அழுத்தம் பட்ட கண் தன் முறை வரும்போது சற்று நேரம் மங்கலாகவே இருக்கும்.

படிக்கச் சொல்லும் விதம்

“மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள். போகப்போக வெளிறிப் போகும். தெரியவில்லை என்று தோன்றினாலும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு இருங்கள், ஊகித்தாவது ஓர் எழுத்தைச் சொல்லுங்கள், தப்பானால் பரவாயில்லை.” இந்த மூன்று வாக்கியங்களையும் எல்லா நோயாளிக்கும் ஒரே விதமாகச் சொல்வது சோதனையின் பாதி வேலை. தன்னம்பிக்கை உள்ளவர் ஊகித்துச் சொல்வார். தயக்கம் உள்ளவர், குறிப்பாக முதியவர்களும் தவறு செய்தால் திட்டு விழும் என்று பழகியவர்களும், உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஊகிக்க வற்புறுத்தாவிட்டால் நாம் அளப்பது கண்ணின் திறனை அன்று, மனிதரின் கூச்சத்தை.

எல்லைக்கு அருகிலுள்ள எழுத்து பார்த்தவுடன் தெரியாது. வெற்று வெண்மையாக இருந்த இடத்தில் சில வினாடிகளில் ஒரு வளைவு தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். ஆகவே “தெரியலை” என்றதும் அட்டையை எடுத்துவிடாமல், ஏறத்தாழ இருபது வினாடிகளாவது காத்திருக்க வேண்டும்; அந்த நேரத்தில் இமைக்கவும் தலையைச் சற்றே அசைக்கவும் அனுமதிக்கலாம். விழித்திரையின் மையம் பழுதடைந்தவர்கள் ஓரக்கண்ணால்தான் எழுத்தைப் பிடிப்பார்கள். அவர்களை நேராகப் பார்க்கச் சொல்லித் திருத்தலாகாது. வரி தவறுபவர்களுக்கு, எழுத்தைத் தொடாமல் அதற்குக் கீழே ஒரு குச்சியால் இடத்தைக் காட்டலாம். சரி, தப்பு என்று வாயாலோ முகத்தாலோ தெரிவிக்க வேண்டாம். “ம், அடுத்தது” என்ற ஒரே குரல் போதும்.

ஒரு தொகுதியின் மூன்று எழுத்துகளில் இரண்டைத் தவறாகச் சொல்லும் இடத்தில் நிறுத்தலாம். சி, ஓ ஆகிய இரண்டும் மங்கலில் ஒன்றுபோலவே தெரிவதால், ஒன்றை மற்றொன்றாகச் சொன்னால் சரி என்று ஏற்கும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. ஏற்பதா வேண்டாமா என்பதை நிறுவனத்தில் ஒருமுறை முடிவு செய்து அதையே எப்போதும் பின்பற்ற வேண்டும். நோயாளிக்கு நோயாளி மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது.

நம் ஊரில் எழும் உண்மையான சிக்கல் வேறு. அட்டையில் இருப்பவை சி, டி, எச், கே, என், ஓ, ஆர், எஸ், வி, இசட் என்ற பத்து ஆங்கில எழுத்துகள். அவற்றைப் படிக்கத் தெரியாதவரிடம் சோதனையே செய்யாமல் விடுவது முறையன்று. பத்து எழுத்துகளையும் முழுக் கருமையில் பெரிதாக அச்சிட்ட ஒரு தாளை அவர் மடியில் வைத்து, அட்டையில் தெரிவதைத் தாளில் தொட்டுக் காட்டச் சொல்லலாம். முதல் வரியிலேயே இரண்டு மூன்று எழுத்துகளைப் பழக்கிவிட்டால், பள்ளிக்கே போகாத பாட்டிகளும் நன்றாகச் செய்கிறார்கள். நேரம் மட்டும் இரட்டிப்பாகும். திசை காட்டும் ‘ஈ’ எழுத்தால் செய்த அட்டையைப் பயன்படுத்தினால், விடைகள் நான்கே என்பதால் குருட்டு ஊகமே நான்கில் ஒரு முறை சரியாகிவிடும். பத்து எழுத்தில் அது பத்தில் ஒன்று. ஆகவே அந்த எண்ணையும் இந்த எண்ணையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிடக் கூடாது. தமிழ் எழுத்துகளைக் கொண்டு தாமே அட்டை செய்ய விரும்புவோர், ‘ட’வும் ‘ழ’வும் ஒரே எளிமையில் கண்ணுக்குப் படுவனவா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். அட்டையின் பத்து எழுத்துகள் தேர்ந்தெடுக்கப்பட்டதே, படிக்கும் கடினத்தில் அவை ஓரளவு ஒத்திருப்பதால்தான். குழந்தைகளுக்கு, ஃபின்லாந்தின் கண் மருத்துவர் லேயா ஹூவரினென் உருவாக்கிய படக் குறியீடுகளின் வெளிறிய வடிவங்கள் உள்ளன.

மதிப்பெண் இடுதல்

இரண்டு வழிகள் உண்டு. மூன்றில் இரண்டு எழுத்துகளையாவது சரியாகச் சொன்ன கடைசித் தொகுதியின் எண்ணை அப்படியே எழுதுவது பழைய வழி. ஒவ்வோர் எழுத்துக்கும் 0.05 கொடுப்பது மற்றது. நுண்ணிய மாற்றத்தைத் தொடர்ந்து கவனிக்க இதுவே ஏற்றது. முதல் தொகுதியின் மதிப்பு 0.00 என்பதால், சரியான எழுத்துகளின் எண்ணிக்கையிலிருந்து மூன்றைக் கழித்துவிட்டு 0.05-ஆல் பெருக்க வேண்டும். 36 எழுத்துகளைச் சரியாகச் சொன்னவருக்கு 33 × 0.05, அதாவது 1.65. அந்த மூன்றைக் கழிக்க மறந்தால் எல்லார் கண்ணும் ஒரு தொகுதி அளவு மேம்பட்டுவிடும். இரண்டு வழிகளையும் கலக்க வேண்டாம்.

நல்ல கண் உள்ள இளவயதினருக்கும் நடுவயதினருக்கும் 1.80 அளவிலும், அறுபதைத் தாண்டியவர்களுக்கு 1.65 அளவிலும் எண் வருவது இயல்பு. 1.50-க்குக் கீழே இறங்கினால் காரணத்தைத் தேட வேண்டும், 1.00-க்குக் கீழே என்றால் அன்றாட வாழ்க்கையே தடைபடும் நிலை. அதே நபரிடம் ஒரு தொகுதி அளவு, அதாவது 0.15, மேலும் கீழும் போவது சோதனையின் இயல்பான ஆட்டம். 0.30 மாறியிருந்தால் அதை உண்மையான மாற்றமாகக் கொள்ளலாம். அப்போதும் விளக்கைப் பார்த்துவிட்டு ஒருமுறை திரும்பச் சோதித்த பிறகே எழுதுவது நல்லது.

இரு கண்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, நல்ல கண்ணின் எண்ணைவிட ஏறத்தாழ 0.15 கூடும். கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தால், மங்கலான கண் நல்ல கண்ணுக்கு இடையூறு செய்கிறது என்று பொருள். ஒரு கண்ணில் கண்புரை நீக்கிவிட்டு, “மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடும் நோயாளியிடம் பேசும்போது இந்த ஓர் எண் மருத்துவருக்குப் பெரிய துணை.

எண் குறைந்திருப்பது எந்த நோய் என்பதைச் சொல்லாது. கண்புரையில் ஒளி சிதறி, பிம்பத்தின் மீது வெண்திரை விழுந்தாற்போல் ஆகிறது. குறிப்பாக லென்ஸின் பின்னுறையை ஒட்டிய புரையில் 6/9 பார்வையோடு எதிர்விளக்கில் தடுமாறுபவர்கள் உண்டு. கிளாக்கோமா, நீரிழிவு விழித்திரை நோய், வயது சார்ந்த விழித்திரை மையச் சிதைவு, கருவிழி வீக்கம், பலகுவிய உள்விழி லென்ஸ் ஆகியவற்றிலும் எண் இறங்கலாம். பார்வை நரம்பு அழற்சியில் இச்சோதனைக்குத் தனி இடம் உண்டு. 1988-இல் அமெரிக்காவில் தொடங்கிய பார்வை நரம்பு அழற்சிச் சிகிச்சை ஆய்வில், பார்வைக்கூர்மை இயல்புக்குத் திரும்பிய பின்னும் மாறுபாட்டு உணர்திறன் குறைந்தே இருந்தவர்கள் பலர். காசநோய் மருந்தான எத்தாம்புட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருந்தைத் தொடங்கும் முன்பே பார்வைக்கூர்மை, நிறப்பார்வை ஆகியவற்றோடு இந்த எண்ணையும் எழுதி வைத்தால், பின்னால் குறை சொல்லி வரும்போது ஒப்பிட ஒரு தொடக்க எண் கையில் இருக்கும்.

பெரிய எழுத்தைக் கொண்ட இந்த அட்டை, மனிதக் கண் மிகக் கூர்மையாக இருக்கும் நுண்மையை, அதாவது பாகைக்கு மூன்று முதல் ஐந்து வரையான கோட்டு அலைகளை (ஒரு கருங்கோடும் ஒரு வெண்கோடும் சேர்ந்தது ஓர் அலை), நேரடியாகத் தொடுவதில்லை. அதைவிடப் பருமனான நிலையை அளக்கிறது. வெவ்வேறு நுண்மைகளில் தனித்தனியே அளக்க வேண்டுமானால் சிஎஸ்வி–1000 போன்ற கோட்டு அட்டைகள் உள்ளன. லேசர் பார்வைத் திருத்தத்திற்குப் பிந்தைய குறைகளை ஆராய அவை உதவும். இடமில்லாத அறைக்கும் படுக்கையில் இருப்பவருக்கும் மார்ஸ் அட்டை ஏற்றது. கையில் பிடித்து 50 செ.மீ. தூரத்தில் காட்டும் அதில், 48 எழுத்துகளும் ஒவ்வொன்றாக 0.04 வீதம் வெளிறுகின்றன. அடுத்தடுத்து இரண்டு பிழைகள் வந்ததும் நிறுத்த வேண்டும். வெள்ளெழுத்து உள்ளவருக்கு அங்கே +2.00 தேவைப்படும்.

கோப்பில் எழுதும்போது அட்டையின் பெயர், தூரம், அணிந்திருந்த பவர், அட்டையின் மீதான வெளிச்சம், மதிப்பெண் இட்ட முறை ஆகியவற்றோடு வலக்கண், இடக்கண், இரு கண்களும் சேர்ந்து என மூன்று எண்களையும் எழுதுங்கள். எழுத்துகளைச் சொன்னாரா, தொட்டுக் காட்டினாரா என்பதையும் சேருங்கள். எண் 1.00-க்கு அருகிலோ கீழேயோ இருக்கும் நோயாளியையும் வீட்டாரையும், மருத்துவர் பார்த்து முடித்த பிறகு, ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் பேச வேண்டும். படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் பளிச்சென்ற மஞ்சள் பட்டை அடிக்கலாம். சோற்றை வெள்ளைத் தட்டில் போடாமல் வாழையிலையிலோ அடர்நிறத் தட்டிலோ போடலாம். காப்பியை வெள்ளைக் கோப்பையிலும் பாலை அடர்நிறக் கோப்பையிலும் ஊற்றலாம். மாத்திரையை வெளிர்நிற மேசைமீது கொட்டாமல் கரும்பச்சைத் துணியின் மீது கொட்டி எண்ணலாம். அந்தி சாய்ந்த பிறகு இருசக்கர வண்டி ஓட்டுவது பற்றி நோயாளி தாமாகக் கேட்கமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.